'கெட்' என்ற ஒரே சொல்லுக்கு ஒரு முழுப் பாடம்: செயலி விமர்சனம்

ஆங்கிலம் சொல்லித்தரும் செயலிகள் பெரும்பாலும் 'கெட்' என்றால் 'பெறு' என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடும். இந்தச் செயலி அந்த ஒரு வினைக்கே தனிப் பாடம் வைத்திருக்கிறது என்றதும் இறக்கிப் பார்த்தேன். முதல் பாதி பிரமாதம், அதற்கு அப்புறம் சொதப்பல்.

அர்த்தங்களை உருப்போடச் சொல்லாமல், 'கெட்'டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கப் பழக்குகிறார்கள். பொருள் வந்தால் கிடைப்பது, வாங்குவது. 'டயர்டு', 'டார்க்' மாதிரி நிலையைச் சொல்லும் சொல் வந்தால் அந்த நிலைக்கு மாறுவது, அதாவது 'இட்ஸ் கெட்டிங் டார்க்' என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. இடம் வந்தால் போய்ச் சேருவது. 'கெட் டு தி ஸ்டேஷன்' என்பதில் 'டு' உண்டு, 'கெட் ஹோம்' என்பதில் கிடையாது, இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டியது ரொம்பப் பிடித்தது.

இதைவிட நல்ல பகுதி, அடுத்தவரை வைத்து வேலை வாங்கும் 'கெட்'. 'ஐ காட் ஹிம் டு சைன்' என்றால் எப்படியோ பேசிக் கையெழுத்துப் போட வைத்தேன். 'ஐ மேட் ஹிம் சைன்' என்றால் வற்புறுத்தல் வாடை அடிக்கும், 'டு'வும் வராது. நாம் 'முடி வெட்டிக்கொண்டேன்' என்று சொல்லிப் பழகியதால் 'ஐ கட் மை ஹேர்' என்று எழுதிவிடுகிறோம், படிப்பவருக்கோ கத்தரிக்கோலை நாமே பிடித்த மாதிரி தோன்றலாம். வேறொருவர் வெட்டியிருந்தால் 'ஐ காட் மை ஹேர் கட்'. இதற்கு மட்டும் நிறையப் பயிற்சி வாக்கியங்கள் கொடுத்திருக்கிறார்கள், நல்ல வேலை.

சரி, குறைக்கு வருவோம். 'கெட் பை' (இருப்பதை வைத்துச் சமாளிப்பது), 'கெட் ஓவர்' (துக்கத்திலிருந்தோ நோயிலிருந்தோ மீள்வது), 'கெட் அவே வித்' (தப்பு செய்தும் மாட்டாமல் போவது) எல்லாவற்றையும் அகரவரிசையில் அப்படியே கொட்டி வைத்திருக்கிறார்கள், ஒன்றுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் கிடையாது, யாருக்கு மனதில் நிற்கும்?

தேர்வு இன்னும் மோசம். 'கெட்'டின் மூன்றாவது வடிவத்தை 'காட்டன்' (gotten) என்று எழுதினால் தப்பு என்று சிவப்புக் கோடு. அமெரிக்க ஆங்கிலத்தில் அது அன்றாடச் சொல். அங்கே 'ஐ ஹேவ் காட் எ டிக்கெட்' என்றால் கையில் இருக்கிறது, 'ஐ ஹேவ் காட்டன் எ டிக்கெட்' என்றால் வாங்கியாகிவிட்டது. பிரிட்டிஷ் முறைப்படிதான் திருத்துவோம் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம். போதாததற்கு, 'இருக்கிறது' என்று நிகழ்காலத்தில் சொல்லும் இந்த 'ஹேவ் காட்' வடிவத்தைக் கொண்டுபோய் இறந்தகாலப் பகுதியில் சேர்த்துவிட்டார்கள். புதிதாகப் படிப்பவர் கண்டிப்பாகக் குழம்புவார்.

அடுத்து 'ரன்' வரப்போகிறதாம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி அந்த வினைக்கு 600க்கும் மேல் பொருள் பிரித்திருக்கிறது, அதையும் அகரவரிசையில் கொட்டினால் அன்றைக்கே செயலியை நீக்கிவிடுவேன். இப்போதைக்கு 5க்கு 3. முதல் பாதியைப் படியுங்கள், தேர்வுப் பக்கம் போகாதீர்கள்.