ஒரேயடியாக விடுவதா, மெல்லக் குறைப்பதா?

கறியை ஒரேயடியாக விட்டுவிட்டால் குழப்பமில்லை. ஆனால் திடீரென்று நார்ச்சத்து கூடினால் வயிறு உப்பும். பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். பால், முட்டையும் நின்றுவிட்டால் பி12 சத்துக்கு மாத்திரை கட்டாயம்.

மெல்லக் குறைப்பதுதான் என் கட்சி. பெங்களூர்க்காரர்களுக்கு அதற்கு ஏற்ற காலம் டிசம்பர், ஜனவரி. சந்தையெங்கும் பச்சை மொச்சை குவிந்திருக்கும். ஊறவைத்து, விரலால் அழுத்தினால் தோல் கழன்று பருப்பு துள்ளி விழும். அந்தப் பிதுக்கம்பருப்பை ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் பாதிக் கறிக்குப் பதிலாகப் போடுங்கள். மசாலாவை அப்படி இழுத்துக்கொள்ளும்! வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அப்புறம் அடுத்த மாதம் கறியை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் எந்த வழியில் போனாலும் மருத்துவரிடம் கேட்டு பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரையும் அதைக் குறைக்கக்கூடியது.