தமிழாலயே கொரியன் சொல்லித் தாற வகுப்பு: மட்டக்களப்புல படிக்க நினைக்கிற ஆக்களுக்கு

மட்டக்களப்புல கொரியன் படிக்க எங்க போறது எண்டு கனபேர் இன்பொக்ஸ்ல கேக்கிறீங்க, ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா எழுத ஏலாது, அதால நான் இப்ப போற வகுப்பப் பத்தி முழுசா இஞ்ச எழுதுறன். படிப்பிக்கிற சேர் தன்ட பேரும் வகுப்புட பேரும் போட வேணாம் எண்டு சொல்லிட்டார், அதால போடல்ல. இடம் கல்லடி, மெயின் ரோட்டுல ஒரு கடைக்கு மேல் மாடி, அந்தப் பக்கம் போய்க் கேட்டா யாரும் காட்டித் தருவாங்க. சனி ஞாயிறு மட்டும்தான் வகுப்பு. ஃபீஸ் மாசம் நாலாயிரம்.

முதல்லயே சொல்லிடுறன், நான் பாத்த அளவுல தமிழ் ஆக்களுக்கு இதவிட நல்ல வகுப்பு இந்தப் பக்கத்துல இல்ல. காரணம் ஒண்டுதான், சேர் கொரியன தமிழ்லயிருந்து சொல்லித் தாறார். இதுக்கு முதல் நான் வேறொரு இடத்துல படிச்சன், அங்க நோட்ஸ் எல்லாம் சிங்களத்துல, விளக்கம் பாதி இங்கிலீஷ்ல, அத திரும்ப மனசுக்குள்ள தமிழாக்கி, அதுக்குப் பிறகு கொரியன் வசனத்தக் கட்டணும், அதுக்குள்ள தலையே சுத்திரும். வசன அமைப்புல எங்களுக்கு இங்கிலீஷவிட கொரியன் கிட்டத்து மொழி எண்டு அங்க ஒருத்தரும் சொல்லித் தரல்ல. இந்த சேர் முதல் நாளே அதச் சொன்னார், சொன்னதோட நிக்காம போர்டுல எழுதிக் காட்டினார்.

யூடியூப்ல அம்மா அப்பா எண்ட சொல் ரெண்டு மொழியிலயும் ஒண்டு எண்டு ஆச்சரியப்பட்டு நிறைய வீடியோ போடுறாங்க, அது கேக்க சந்தோஷம்தான், ஆனா அத வச்சு ஒரு வசனம் பேச ஏலாது. உதவுறது வசனத்துட அமைப்பு. "நானுன் பபுல் மொகொயோ" எண்டா நான், சோத்த, சாப்பிடுறன், அதே வரிசை, வினை கடைசில. "உல்" எண்டுறது எங்கட ஐ வேற்றுமை இருக்கிற இடத்துல அப்பிடியே வந்து ஒட்டுது. அதவிட எனக்கு உடம்பு சிலிர்த்தது துணைவினை படிச்ச அண்டைக்குத்தான். "மொகொ ப்வாயோ" எண்டா சாப்பிட்டுப் பாருங்க, அதுல இருக்கிற "பொதா" எண்ட வினைக்கு உண்மையான கருத்தே பாக்கிறது. செஞ்சு தாங்க எண்டுறதுக்கு அவங்களும் தாற வினையத்தான் போடுறாங்க. மறந்து போட்டன் எண்டு நாங்க சொல்றமே, அவங்க அந்த இடத்துல வீசி எறியிற வினையப் போடுறாங்க. சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறன் எண்டுறதுல எங்கட "இரு" மாதிரியே அங்கயும் "இத்தா". இத இங்கிலீஷ் வழியா படிச்சா ஒவ்வொண்டும் புது கிராமர் ரூல், பாடமாக்கணும். தமிழ் வழியா படிச்சா அரைமணித்தியாலத்துல பிடிபட்டுடும்.

எழுத்துக்கும் அப்பிடித்தான். 1443ல செஜொங் ராசா உண்டாக்கி 1446ல வெளியிட்ட எழுத்து அது, அடிப்படையில மெய் 14, உயிர் 10. சேர் எங்களக் கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் சொல்ல வச்சு நாக்கு எங்க நிக்குது எண்டு கேட்டார், க எழுத்துட வடிவம் நாக்குட அடி தொண்டைய அடைக்கிற மாதிரி, ம எழுத்து வாய் மாதிரி, இப்பிடி வாயப் பாத்து உண்டாக்கின எழுத்து எண்டு அப்பதான் விளங்கினது. மெய்யும் உயிரும் சேந்து ஒரு கட்டம் ஆகிறது உயிர்மெய் படிச்ச எங்களுக்குப் புதுசில்ல. இன்னொண்டு, எங்கட க மாதிரியே அவங்கட க எழுத்தும் சொல்லுட முதல்ல ஒரு சத்தம், நடுவுல மெதுவான சத்தம், கல் எண்டுறதுலயும் மகள் எண்டுறதுலயும் க வேற வேற மாதிரித்தானே வருது, அதேதான். அவங்கட "உ" ஒண்டு இருக்கு, உதட்டக் குவிக்காம சொல்றது, இங்கிலீஷ்ல எழுதிப் படிக்கிற ஆக்கள் அதுல சரியா கஷ்டப்படுவாங்க, சேர் சொன்னது "காசு எண்டு சொல்லுங்க, கடைசில வாற சத்தம்தான்" எண்டு. குற்றியலுகரத்த ஓ எல்லுக்குப் பிறகு நான் கேட்டது அண்டைக்குத்தான்.

இதெல்லாம் கேட்டுட்டு லேசு எண்டு நினைச்சு வராதீங்க. கஷ்டமும் நிறைய இருக்கு, அது தமிழ் காப்பாத்தாத இடங்கள்ல வருது. முதலாவது சத்தம். தால் எண்டு தமிழ்ல எழுதினா ஒண்டுதான், கொரியன்ல அது மூண்டு சொல், சாதாரணமா சொன்னா நிலா, மூச்ச விட்டுச் சொன்னா முகமூடி, இறுக்கிச் சொன்னா மகள். சேர் வாய்க்கு முன்னால ஒரு கடதாசியப் பிடிச்சுச் சொல்லச் சொல்றார், மூச்சு விட்ட எழுத்துக்குக் கடதாசி ஆடணும், மத்த ரெண்டுக்கும் ஆடக் கூடாது. சொல்றது கொஞ்ச நாள்ல வந்துரும், ஆனா காதால பிரிச்சுக் கேக்கிறது இன்னும் எனக்கு முழுசா வரல்ல.

ரெண்டாவது எண். அவங்களுக்கு எண் ரெண்டு செட், சொந்த எண் ஒண்டு, சீனத்துலயிருந்து வந்தது ஒண்டு. நேரம் சொல்றதுலயே மணிக்கு ஒரு செட்டும் நிமிசத்துக்கு மத்த செட்டும் போடணும், மூண்டு முப்பதுக்கு "செ ஷி சம்ஷிப் புன்", அதுல "செ"யும் மூண்டுதான், "சம்"மும் மூண்டுதான், ஆனா வேற வேற செட். காசு வந்தா இன்னும் மோசம், நாங்க லட்சத்துல எண்ணுறம், அவங்க பத்தாயிரத்துல எண்ணுறாங்க. 20 லட்சம் வொன் எண்டா அவங்களுக்கு 200 பத்தாயிரம். அத எழுதுறது "இபெக்மன்" மாதிரி, வாசிக்கிறது "இபெங்மன்", பக்கத்து எழுத்தப் பாத்து சத்தம் மாறிரும். கொரியா வேலைக்கான பரீட்சைல லிஸனிங் எண்டு கேட்டு விடை குடுக்கிற பகுதி இருக்கு, சம்பளம் பத்தின கேள்வி அதுல ஓடுற வேகத்துக்கு இதக் கணக்குப் பாத்து முடிக்க அடுத்த கேள்வி வந்துரும். சேர் இதுக்கு ஒவ்வொரு வகுப்பும் துவங்க முதல் விலை, நேரம், ஃபோன் நம்பர் எண்டு கடகடவெண்டு சொல்லி எழுத வைக்கிறார். அலுப்பாத்தான் இருக்கும், ஆனா நாலாயிரத்துல பாதி இதுக்கே குடுக்கலாம் எண்டு நான் சொல்லுவன்.

பாடம் போறது அந்த வேலைப் பரீட்சைட, அதாவது இபிஎஸ் டொபிக்ட ஸ்டாண்டர்ட் புத்தகத்த வச்சு, 60 பாடம், ரெண்டு பாகம். வணக்கம் சொல்றதுல துவங்கி பின்னுக்குப் போகப் போக வேலத்தளம், வேலை செய்யிற ஆயுதங்கள் (டூல்ஸ்), பாதுகாப்பு போர்டுகள் எண்டு வரும். மாங்ச்சி எண்டா சுத்தியல், தொப் எண்டா மரம் அறுக்கிற வாள், சப் எண்டா சவள். சேர் கொரியால ஃபேக்டரில வேல செஞ்சிட்டு வந்தவர், அதால ஒவ்வொரு ஆயுதத்துக்கும் அங்க மேலாள் எப்பிடிக் கேப்பான், என்ன அவசரத்துல கேப்பான் எண்டு நடிச்சே காட்டுவார். மீன்பிடிக்குப் போகப் போற வாழைச்சேனைப் பொடியன்கள் ரெண்டு மூண்டு பேர் இருக்காங்க, அவங்களுக்கு வலை, கயிறு, தோணி சம்மந்தமான சொல்ல தனியா எழுதிக் குடுத்தார், புத்தகத்துல அவ்வளவு இல்ல.

குறை சொல்லணும் எண்டா, முதலாவது இடம். மெயின் ரோட்டுப் பக்கம் ஜன்னல், கல்முனை பஸ் ஹோர்ன் அடிச்சா லிஸனிங்ல ஒரு கேள்வி போச்சு. ஜன்னலப் பூட்டினா வேர்த்து ஊத்தும், ரெண்டு ஃபேன் அத்தன பேருக்குக் காணாது. ஹெட்ஃபோன் கொண்டு போங்க, லிஸனிங் ஒலிய சேர் குரூப்ல முதலே போடுறவர், ஃபோன்ல கேக்கலாம். ரெண்டாவது, பேசுற பயிற்சி குறைவு. பரீட்சைல வாசிப்பும் கேட்டலும்தான் வருது, அதால எல்லாருட அவசரமும் அதுல. ஆனா போய் இறங்கினா பேசத்தானே வேணும். நாங்க கொஞ்சப் பேர் வகுப்பு முடிய பாலத்தடில இருந்து ஒரு மணித்தியாலம் கொரியன்ல மட்டும் கதைக்கிறம், செங்கலடியிலயிருந்து வாற தங்கச்சி ஒருத்தி இருக்கா, அவ நாடகம் பாத்துப் பாத்து எங்க எல்லாரையும்விட நல்லாக் கதைப்பா. எப்ப மரியாதையா முடிக்கணும், எப்ப சிநேகிதனோட கதைக்கிற மாதிரி முடிக்கணும் எண்டுறது எனக்கு அவதான் திருத்தினவ. வயசுல மூத்த ஆளோட அப்பிடிப் பேசினா சண்டையே வரும், நீ நீங்க வித்தியாசத்தவிட அங்க படி கூட.

மூண்டாவது, புதுசா வாறவங்களையும் பாதி முடிச்சவங்களையும் சில நாள் ஒண்டா இருத்திறார். புதுசா வந்த ஆக்கள் அண்டைக்குப் பயந்து போயிடுறாங்க, காத்தான்குடில இருந்து வந்த ஒரு பொடியன் அப்பிடித்தான் ரெண்டாம் நாளோட நிண்டுட்டான். சேரிட்ட இதச் சொல்லியிருக்கம், அடுத்த பட்ச்ல இருந்து பிரிக்கிறன் எண்டிருக்கார்.

ஒரு விசயம் கட்டாயம் சொல்லணும். வேலைக்கு அனுப்புறது இந்த சேர் இல்ல, எந்த வகுப்பும் இல்ல. இபிஎஸ் எண்டுறது கொரியாக்கு வேலைக்கு ஆள் எடுக்கிற திட்டம், 2004ல இருந்து இலங்கை, கொரியா ரெண்டு அரசாங்கமும் நேரா செய்யிறது, இஞ்ச வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், வயசு 18ல இருந்து 39. பாஸ் பண்ணினாலும் அங்கத்த முதலாளி எடுத்தாத்தான் பயணம், பாஸ் பண்ணின பெறுபேறு ரெண்டு வருசம் செல்லும். சேர்ந்தா விசா கட்டாயம் எண்டு சொல்லி லட்சக்கணக்குல காசு கேக்கிற ஆக்கள் ஊருக்குள்ள திரியிறாங்க, தாலிக்கொடிய அடகு வச்சுக் குடுத்த குடும்பத்த எனக்குத் தெரியும், தயவு செய்து குடுக்காதீங்க. இந்த சேர் முதல் வகுப்புலயே இதத் தெளிவாச் சொல்லிடுறார், எனக்கு அவர்ல மரியாதை வந்ததே அதாலதான்.

போற எண்ணம் இல்லாத ஆக்களும் வந்து படிக்கலாம் எண்டுதான் நான் சொல்லுவன். போன கிழமை மச்சான் கொரியால இருந்து வீடியோ கோல்ல வந்தான், பின்னால அவன்ட மேலாள் ஏதோ ஒரு தட்ட நீட்டி "மொகொ ப்வா" எண்டான். மச்சான் திரும்ப முதலே நான் இஞ்ச ஏறாவூர்ல இருந்து "சாப்பிட்டுப் பாக்கச் சொல்றார் மச்சான், சாப்பிடு" எண்டு சொல்லிட்டன். மேலாள் ஃபோனுக்குக் கிட்ட வந்து என்னப் பாத்துச் சிரிச்சார், நான் கொரியன்ல வணக்கம் சொன்னன், அவர் பதிலுக்கு ஏதோ நீளமாச் சொன்னார், அதுல பாதி விளங்கல்ல, விளங்கின பாதிக்கே அண்டைக்கு ராவு நித்திர வரல்ல.

முதல் நாளுக்கு சேர் காசு எடுக்கிறேல்ல. ஒரு நூறு பக்கக் கொப்பியும் பென்சிலும் கொண்டு போங்க, எழுத்து எழுதிப் பழக பேனை வேணாம் எண்டு சொல்லுவார். தூரத்துல இருந்து வாறவங்க களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்றுப் பக்கம் எண்டா கல்லடில இறங்கினாக் காணும், டவுனுக்குப் போகத் தேவல்ல.