நாலு தடவை கப்பல் டூர், கூடவே முட்டிவலிக்கார அம்மா: என்ற அனுபவம்

திருப்பூர்க்காரனுக்கு கப்பல்னா ஷிப்மென்ட்தானுங்க. பீஸ் தூத்துக்குடி போச்சா, கண்டெய்னர் ஏறுச்சா, பையர் கத்தறானா, அதோட சரி. பவர்டேபிள் (பனியன் தைக்கற யூனிட்டுங்க) போட்டு அத்தன வருசமா கப்பலுக்கு சரக்கு அனுப்புனவன் கப்பல கிட்டக்க பாத்ததே 2018ல தான். அப்பறம் இன்னைக்கு வரைக்கும் நாலு தடவை போயாச்சு, மூணு சிங்கப்பூர்ல இருந்து, ஒண்ணு சென்னைல இருந்து. ஒறம்பரைல யாரு கப்பல் டூர் போறதா இருந்தாலும் எனக்குத்தான் போன் வருது, ஆளாளுக்கு அரை மணி நேரம் சொல்லி மாளல, அதுக்கோசரம் எழுதியே போட்டர்றேன்.

மொதல்ல ஒண்ணு. விளம்பரத்துல எல்லாம் புதுசா கல்யாணம் ஆனவங்க கூலிங்கிளாஸ் போட்டுட்டு நிப்பாங்க, ஆனா என்னைய கேட்டா இது வயசானவங்கள கூட்டீட்டு போற டூருங்க. என்ற அம்மாவுக்கு 71 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, சென்னிமலைக்கே படி ஏறாம பஸ்ல போறவங்க. பஸ் டூர்ல போனா வெடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, பொட்டி கட்டி, ராத்திரி வேற ஊர்ல வேற ரூம்ல திரும்ப பொட்டி பிரிச்சு, மூணாவது நாள் "என்னைய ஊட்ல உட்ருங்க சாமி"ன்னுருவாங்க. கப்பல்ல ஒருக்கா பொட்டி பிரிச்சா முடிஞ்சுது. தூங்கி எந்திரிச்சா அடுத்த ஊரு சன்னலுக்கு வெளிய நிக்கும்.

இத கண்டுபுடிக்கவே எனக்கு ரெண்டு டூர் ஆச்சுங்க. மொத தடவை நானும் எங்க வூட்லயும் பையனும் மட்டும் போனம், ரூம் விசயத்துல நல்லா மாட்டுனேன். எந்த ரூமா இருந்தா என்ன, தூங்கத்தானேன்னு கம்பெனிக்காரன் குடுக்கறத வாங்கிக்கற மாதிரி இருக்கறதுலயே சீப்பான டிக்கெட்ட போட்டேன். குடுத்தாங்க, நேரா நீச்சல் குளத்துக்கு அடியில. ராத்திரி பன்னெண்டு வரைக்கும் மேல பாட்டு, அது நின்னு கண்ணு அசந்தா காலைல அஞ்சு மணிக்கு தலைக்கு மேல கொரகொரன்னு நாற்காலி இழுக்கறான். தரைய கழுவிட்டு நூத்துக்கணக்குல நாற்காலிய திரும்ப வரிசையா போடறானாம். மூணு ராத்திரியும் அதே கூத்து. அப்பத்தான் தெரிஞ்சுது, டிக்கெட் போடறதுக்கு முன்னால டெக் பிளான், அதாவது கப்பல்ல எந்த மாடில எது இருக்குதுன்னு காட்டற படம், பாக்கோணும்னு. கம்பெனி வெப்சைட்லயே இருக்குமுங்க. நம்ம ரூமுக்கு மேல் மாடியும் கீழ் மாடியும் வெறும் ரூமா இருக்கணும், மேல குளமும் கூடாது, கீழ தியேட்டரும் டிஸ்கோவும் கூடாது. நீளவாக்குல நடுப்பக்கமா, கொஞ்சம் கீழ் டெக்கா இருந்தா ஆட்டம் கம்மி, மாட்டு வண்டில அச்சு மேல உக்காந்தவனுக்கும் கடைசில உக்காந்தவனுக்கும் இருக்கற வித்தியாசம்தான். அம்மாவுக்காக லிப்டுக்கு நாலஞ்சு ரூம் தள்ளி போடுவேன், லிப்டுக்கு நேரெதிர்ல போட்டா ராத்திரி பூரா பேச்சு சத்தம்.

சன்னல் இல்லாத உள் ரூம்தான் வெல கம்மி. எனக்கு அது போதும், நல்ல இருட்டு, தூக்கம் நெம்ப சொகமா வரும். அம்மாவுக்கு அது ஆகல, "என்ன சாமி குச்சுக்குள்ள போட்டு அடச்சாப்ல இருக்குது"ன்னாங்க. இப்பெல்லாம் அம்மாவும் எங்க வூட்லயும் பால்கனி ரூம்ல, நானும் பையனும் எதுத்தாப்ல இருக்கற உள் ரூம்ல. ஒரு பால்கனிக்குத்தான் காசு, உக்கார்றது நாலு பேரு. பால்கனி எடுத்தாலும் முன்னால லைப்போட் தொங்குதான்னு பாத்துக்கங்க, இல்லீன்னா கடலுக்கு பதிலா ஆரஞ்சு கலர் படகத்தான் பாத்துட்டு வரோணும்.

ரூம் சின்னதுதானுங்க, பொட்டிய கட்டிலுக்கு அடில தள்ளீரணும். செவுரு இரும்பு, அதனால காந்தக் கொக்கி நாலு வாங்கீட்டு போங்க, ஹார்டுவேர் கடைல கெடைக்குது. அம்மாவோட மஞ்சப்பை, துண்டு, மாத்திரை கவரு எல்லாம் செவுத்துல தொங்கும், ஈர ஜட்டியக்கூட பாத்ரூம்ல தொங்க உட்டுக்கலாம். அயர்ன் பாக்ஸ், கெட்டில் ரெண்டும் கொண்டு போகாதீங்க, தீப்புடிக்கும்னு கப்பல் ஏறும்போதே வாங்கி வச்சுக்குவாங்க.

சாப்பாட்டு சமாச்சாரமும் அதே மாதிரிதான், கப்பலுக்கு கப்பல் மாறும், ஆனா ஊட்ல செஞ்ச பண்டத்த பல கப்பல்ல உள்ள உட மாட்டாங்க. ரெண்டாவது டூர்ல பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல பருப்புப்பொடி, சம்படத்துல முறுக்கு, எல்லாத்தையும் கேட்லயே ஓரமா எடுத்து வச்சுட்டான். அம்மா அவன்கிட்ட, "நானே மொளகா வறுத்து அரச்சது கண்ணு, தின்னு பாரு"ங்கறாங்க, அந்த பிலிப்பைன்ஸ் பையனுக்கு என்ன புரிஞ்சுதோ, கையெடுத்து கும்புட்டுட்டு பாட்டில மட்டும் குடுக்கவே இல்ல. இப்ப கடைல பாக்கெட்ல சீல் போட்டதா வாங்கீட்டு போறம், இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல.

ஏறுன மொத நாள் மத்தியானம் கூட்டம் மொத்தமும் பபேக்குத்தான் போகும், தட்டத் தூக்கீட்டு எடம் தேடறது முகூர்த்தத்தன்னைக்கு பந்திக்கு நிக்கறத விட மோசம். அதே நேரத்துல பெரிய டைனிங் ஹால் தொறந்திருந்தா அங்க பாதி டேபிள் காலியா இருக்குமுங்க, அதுவும் டிக்கெட்லயே சேந்த சாப்பாடுதான். ராத்திரி அங்க சாப்புடும்போது ஹெட் வெயிட்டர்கிட்ட நாளைக்கு வயசானவங்களுக்கு தயிர் சோறு, பருப்பு வேணும்னு முந்துன நாளே சொல்லி வச்சரோணும். அன்னன்னைக்கு கேட்டா முழிப்பாங்க, முந்துன நாள் சொன்னா பெரும்பாலும் கெடைச்சுரும், சமையல் ஆளுகள்ல நம்ம நாட்டுக்காரங்க நெறைய. சென்னைல இருந்து போன எம்ப்ரஸ் கப்பல்ல இந்த தொல்லையே இல்ல, நம்மூர் சைவச் சாப்பாடு, ஜெயின் சாப்பாடு எல்லாம் இருந்துச்சு. அது 1990ல கட்டுன கப்பல், சிங்கப்பூர் கப்பலுக கணக்கா பெருசில்ல, ஆனா மொதல்ல பழகறதுக்கு அதுவே போதும், திருப்பூர்ல சேரன் எக்ஸ்பிரஸ் ஏறுனா காலைல சென்னை.

சென்னைக் கப்பல் வேணும்னா மாசம் பாத்து போடுங்க. ஐப்பசி கார்த்திகைல வங்கக் கடல்ல புயல் காலம், அதே மாதிரி ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பம்பாய் பக்கம் அரபிக்கடல் கொந்தளிக்கும். எங்களுக்கு லீவே தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான், அதனால சிங்கப்பூர்ல ஏறி மலேசியாவுல பெனாங்கு, தாய்லாந்துல புக்கெட் பக்கம் போற கப்பல்தான் தோது, அது மலாக்கா ஜலசந்தி, ரெண்டு பக்கமும் நெலம், பெரிய அலை இல்ல. இருந்தும் வாந்தி பயம் இருந்தா டாக்டர்கிட்ட கேட்டு அவோமின் வாங்கி வச்சுக்கங்க, அத ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே போடோணும், வாந்தி வந்த பின்னால போட்டா அதுவும் வெளிய வந்துரும். அம்மாவுக்கு இஞ்சி மொரப்பாவே போதுமா இருந்துச்சு.

கோயமுத்தூர்ல இருந்து சிங்கப்பூருக்கு நேரா ப்ளைட் இருக்குது, ஆனா கப்பல் கெளம்பற அன்னைக்கே போய் எறங்காதீங்க, ப்ளைட் லேட்டானா கப்பல் நிக்காது. சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியா இருக்கான்னும் பாத்துக்கங்க, மலேசியா போய்ட்டு திரும்ப வந்து எறங்கறதும் அவங்களுக்கு ரெண்டாவது வருகைதான்.

கெளம்பறதுக்கு முன்னால மஸ்டர் ட்ரில்னு ஒண்ணு இருக்குது, ஆபத்துன்னா எங்க போய் கூடறதுன்னு சொல்லிக் குடுக்கற பயிற்சி, நம்மாளுக பாதிப்பேரு ஒளிஞ்சுக்கறாங்க. அப்படி பண்ணாதீங்க. 2012ல இத்தாலிகிட்ட கோஸ்டா கான்கார்டியா கவுந்து 32 பேரு செத்தாங்க, அன்னைக்கு புதுசா ஏறுனவங்களுக்கு ட்ரில்லே நடத்தல, அதுக்கப்பறம்தான் கெளம்பறதுக்கு முன்னாலயோ கெளம்புன உடனேயோ நடத்தியே ஆகணும்னு கண்டிசன் ஆச்சு. ஏழு சின்ன சங்கு, ஒரு நீள சங்கு அடிச்சா அவசரம்னு அர்த்தம். அம்மா அதக் கேட்டுட்டு "மில்லு சங்கு மாதிரியே இருக்குது"ன்னு சந்தோசப்பட்டாங்க, அவங்க பதினாலு வருசம் மில்லுல ஷிப்டு பாத்தவங்க.

காசு எங்க கரையுதுன்னா டிக்கெட்ல இல்லீங்க, உள்ள போன பின்னாலதான். ரூம் சாவி கார்டுலயே எல்லாம் எழுதிக்குவாங்க, டாலர் கணக்கு, கையில காசு குடுக்காததால தெரியவே தெரியாது. பசங்க கார்டுல செலவு ஏறாத மாதிரி ரிசப்சன்ல சொன்னா லாக் பண்ணிக் குடுப்பாங்க. ஆளுக்கு இத்தனைன்னு தெனமும் சர்வீஸ் சார்ஜும் ஏறும், அதையும் சேத்து பட்ஜெட் போடுங்க. குடிக்கற சரக்குக்கு பேக்கேஜ் வாங்குனா பல கம்பெனில ஒரே ரூம்ல இருக்கற பெரியவங்க எல்லாரும் வாங்கணும்ங்கறாங்க, அதனால மச்சான் கூட வந்தப்ப அவரையும் என்னையும் ஒரு ரூம்ல போட்டுட்டம். எங்க வூட்ல இத படிச்சா எனக்கு சோறு கெடையாது. பில்ல கடைசி நாள் காலைல பாக்காதீங்க, கியூ ஊத்துக்குளி வரைக்கும் நிக்கும், முந்துன நாள் ராத்திரியே டிவிலயோ ஆப்லயோ பாத்துருங்க.

போன ஏரோபிளேன் மோடுல போட்ருங்க. கடல் நடுவுல கப்பலோட சாட்டிலைட் சிக்னல புடிச்சுக்கும், பையன் ரெண்டே ரெண்டு வீடியோ பாத்ததுக்கு ஊருக்கு வந்த பின்னால 7,000 ரூவா பில் வந்துச்சு. இன்னொண்ணு, கையில சாதா வாட்ச் கட்டி கப்பல் மணிய வச்சுக்கங்க. புக்கெட் போனா தாய்லாந்து மணி சிங்கப்பூர விட ஒரு மணி நேரம் பின்னால, போனு தானா மாறிக்கும், கப்பல் சிங்கப்பூர் மணிலயே ஓடுனா நாலு மணின்னு நீங்க ஐஸ்கிரீம் தின்னுட்டு இருக்கும்போது கப்பலுக்கு அஞ்சாகியிருக்கும்.

ஊர்ல எறங்கறதுக்கு எல்லாத்துக்கும் கப்பல்காரங்க டூர் எடுக்க வேண்டியதில்ல. பெனாங்குல கப்பல் நிக்கற எடத்துல இருந்து லிட்டில் இந்தியா நடக்கற தூரம்தான், அம்மாவே மெதுவா நடந்தாங்க. 1833ல கட்டுன மாரியம்மன் கோயில் அங்க இருக்குது, வெளிய பூக்கடை அம்மிணி தமிழ்ல "எந்த ஊரும்மா"ன்னு கேட்டதும் இவங்க உக்காந்து பழமை பேச ஆரம்பிச்சுட்டாங்க, நாப்பது நிமிசம். கிளாங் துறைமுகம் அப்படி இல்ல, கோலாலம்பூர் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அங்க மட்டும் கப்பல் டூரே எடுங்க, அவங்க பஸ் லேட்டானா கப்பல் காத்திருக்கும், நம்ம டாக்ஸிக்கு காத்திருக்காது. கோலாலம்பூர் பக்கத்துல பத்து மலை முருகன் கோயில்ல 272 படி, அம்மா கீழயே 140 அடி முருகன் காலடில நின்னு கும்புட்டுட்டு "போதும் கண்ணு"ன்னுட்டாங்க.

புக்கெட்டுல எங்க கப்பல் கரைக்கு வராம கடல்லயே நின்னுச்சு, சின்ன படகுக்கு தாண்டி ஏறணும். அது முட்டிக்கு ஆகாதுன்னு அம்மாவும் நானும் எறங்கல. ஊரே எறங்கிப் போன கப்பல் இருக்குதே, அதான் சொர்க்கம்ங்க. குளம் காலி, லிப்டு காலி, பாட்டு இல்ல.

கடைசி ராத்திரி பொட்டிய கதவுக்கு வெளிய வச்சரணும், அவங்களே எடுத்துட்டுப் போயி காலைல துறைமுகத்துல அடுக்கி வைப்பாங்க. மாத்திரை, பாஸ்போர்ட், மறுநாள் துணி மட்டும் கைப்பைல. எங்க வூட்ல பொட்டிய வெளிய வச்சுட்டு வந்து படுத்தா, அம்மா எந்திரிச்சுப் போயி உள்ள இழுத்து வச்சுட்டாங்க. "அத்தை, அவங்களே எடுத்துக்குவாங்க"ன்னு சொல்லி திரும்ப வெளிய வச்சா, பன்னெண்டு மணிக்கு மறுபடியும் பொட்டி உள்ள. "நடு ரோட்ல பொட்டிய போட்டுட்டு தூங்கறதா, நல்லா இருக்குது போ." எடுக்கறவன் வந்து பாத்துட்டு போயிட்டான் போல. காலைல நாங்களே பொட்டிய இழுத்துட்டு போனம், பொட்டி கைல இருக்கறவங்களத்தான் மொதல்ல எறக்கி உட்டாங்க, மத்தவங்க வரிசைல நின்னுட்டு இருக்கும்போது நாங்க டாக்ஸில ஏறியாச்சு. அப்பறம் போன டூர்லயும் பொட்டிய வெளிய வைக்கலைங்க.