மாஸ்டா ஆர்எக்ஸ்-8க்கு டி585 காயிலும் நான்கு புது பிளக்கும்: பதினான்கு மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காயில் என்பது பேட்டரி மின்சாரத்தை உயர் வோல்டாக மாற்றி, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்பும் பாகம். இந்த டி585 காயில்களை மாட்டினால் வண்டிக்குப் புதிதாகக் குதிரைத்திறன் எதுவும் வந்துவிடாது. போன குதிரைத்திறன் திரும்பி வரும், வந்தது போகாமல் நிற்கும். அதற்காகத்தான் காசு கொடுத்தேன். பதினான்கு மாதம், 11,000 மைல் ஓட்டிய பிறகும் கொடுத்த காசு சரி என்றே சொல்கிறேன்.

என் வண்டி 2005 மாஸ்டா ஆர்எக்ஸ்-8. ரோட்டரி எஞ்சின் கார். ஆறு கியர், 231 குதிரைத்திறன், எஞ்சின் வேகத்தின் எல்லையான சிவப்புக் கோடு நிமிடத்துக்கு 9,000 சுற்றில். இங்கிலாந்தின் லூட்டனில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன், வாரத்தில் மூன்று நாள் இரவு ஷிப்ட். காலையில் கண்ணாடியெல்லாம் உறைபனி படிந்து நிற்கும் வண்டி, சாவியைத் திருப்பியதும் கிளம்ப வேண்டும். 2006 மார்ச் 23க்கு முன்னால் பதிவான வண்டியாகத் தேடி வாங்கியதற்குக் காரணம் சாலை வரி. அந்தத் தேதிக்குப் பிறகு பதிவானதென்றால், இவ்வளவு புகை விடும் வண்டிக்கு வரி எக்கச்சக்கம். பழைய வண்டி என்றால் பழைய காயில்தானே வரும் என்று அப்போது யோசிக்கவில்லை.

ரோட்டரி எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். இதில் பிஸ்டன் கிடையாது. இரண்டு கூடு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முக்கோண ரோட்டர், மொத்தம் 1,308 சிசி. பெட்ரோல் எரியும் இடம் உருண்டையாக இல்லாமல் நீளமாகவும் தட்டையாகவும் இருக்கும். ஒரு பொறி பட்டால் தீ அந்த நீளம் முழுக்க ஓடிப் பரவ நேரம் போதாது. அதனால் ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். 1991இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த மாஸ்டா 787பி-யில் ஒரு ரோட்டருக்கு மூன்று பிளக் வைத்திருந்தார்கள்.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. சாதாரண நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு பிளக் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் அடிக்கும். 6,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 50 பொறி. ரோட்டரியில் வெளியே வரும் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு பிளக்கும் அடிக்க வேண்டும். 9,000 சுற்றில் நொடிக்கு 150 பொறி. இரண்டு பொறிக்கு நடுவே ஏழு மில்லி நொடிகூடக் கிடையாது, அதற்குள் காயில் நிறைந்து, அடித்து, மறுபடி நிறைய வேண்டும். போதாததற்கு அது உட்கார்ந்திருப்பது எஞ்சினுக்கு மேலேயே, அந்தச் சூட்டில். ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் காயிலை பிரேக் பேட் மாதிரி தேயும் பொருளாகத்தான் கணக்கில் வைப்பார்கள்.

எனக்கு இது தெரிய வந்தது எம்ஓடி சோதனையில், அதாவது இங்கே வண்டி ஓடத் தகுதியானதா என்று வருஷாவருஷம் பார்க்கும் சோதனையில். கார்பன் மோனாக்சைடு அதிகம் என்று ஃபெயில் ஆனது. பார்த்த கராஜில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) போய்விட்டது, மாற்றுங்கள் என்று பெரிய தொகை ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். காயிலைப் பார்த்தீர்களா என்று கேட்டேன், வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்றார்கள். உண்மைதான், ஓடியது. ஐடிலிங்கில் கொஞ்சம் பெட்ரோல் வாடை, 6,000க்கு மேல் ஒரு தயக்கம், அவ்வளவுதான்.

டிரெய்லிங் காயில் செத்தால் இப்படித்தான் இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. வேலையில் பெரும்பகுதியை லீடிங் பிளக்கே செய்துவிடுவதால் ஓட்டுபவருக்குப் பெரிதாகத் தெரியாது. எரியாத பெட்ரோல் மட்டும் நேராகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். நாளாக நாளாக உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். எஞ்சினுக்கும் நல்லதில்லை. முந்நூறு நானூறு பவுண்டு காயிலைத் தள்ளிப்போட்டு எஞ்சினையே இழந்தவர்கள் உண்டு.

அப்பாவுக்கு வீடியோவில் போன் போட்டேன். கோயம்புத்தூர் கணபதியில் முப்பத்தெட்டு வருஷம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர். இந்த வண்டியை அவர் பார்த்ததில்லை, ஆனால் காயில் எங்கே இருந்தாலும் காயில்தான். "நாலு பிளக்கையும் கழட்டி வரிசையா வெள்ளைத் துணி மேல வை கண்ணு, எது எங்க இருந்ததுன்னு எழுதி வெச்சுக்க" என்றார். வைத்தேன். லீடிங் இரண்டும் வெளிர் பழுப்பு. முன் ரோட்டர் டிரெய்லிங் கொஞ்சம் கறுப்பு. பின் ரோட்டர் டிரெய்லிங் கரிபிடித்து, நனைந்து, விரலில் தொட்டால் பெட்ரோல். "அதுக்கு நெருப்பே போகல சாமி" என்றார்.

காயிலை மீட்டரில் பார்த்தால் ஓம் சரியாகக் காட்டியது. அதையும் சொன்னேன். "குளுந்திருக்கைல ஓம் பார்த்தா சரியாத்தான் காட்டும். மெக்கர் வெச்சுப் பார்க்கோணும். சூடானாத்தான் உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போகும்." அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் அந்த மெக்கர் மீட்டர் வீட்டில் ஏது? நான்கையுமே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

அங்கேதான் தவறு செய்தேன். ஆன்லைனில் நான்கு காயில் சேர்ந்து 70 பவுண்டுக்குக் கிடைத்த ஒரு செட்டை வாங்கி, புது பிளக்கோடு மாட்டினேன். எம்ஓடி மறுசோதனையில் பாஸ். கன்வெர்ட்டர் பிழைத்திருந்தது. அந்த வாரமே, உருளைமேல் சக்கரத்தை ஓடவிட்டு எஞ்சின் திறனை அளக்கும் ரோலிங் ரோடில் ஏற்றி ஒரு வரைபடமும் எடுத்து வைத்தேன். ஐந்தாவது மாதம், எம்1 மோட்டார்வேயில் லாரி ஒன்றைத் தாண்டும்போது வண்டி ஜெர்க் அடித்தது, எஞ்சின் விளக்கு மின்னியது. ஸ்கேனரில் பி0302 என்ற கோளாறு எண், அதாவது பின் ரோட்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. கழற்றிப் பார்த்தால் ஒரு காயிலின் அடிப்பக்கம், உள்ளே ஊற்றி இறுகவைக்கும் பிசினான எபாக்ஸி உப்பி, வெடித்திருந்தது.

பழைய செட்டில் ஓரளவு தேறியதை அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு, செத்ததை டிசம்பர் லீவுக்கு ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன். அப்பா அதை வைஸில் கடித்து, ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே தகடு அடுக்கிய இரும்புக் கோர், அதைச் சுற்றி தடித்த பிரைமரி, அதற்கு வெளியே தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் செகண்டரி. செகண்டரியிலிருந்து கோர் வரைக்கும் எபாக்ஸிக்குள்ளே ஒரு கறுப்புக் கோடு, மரத்தின் வேர் மாதிரி கிளைவிட்டு ஓடியிருந்தது. அப்பா அதை நகத்தால் தொட்டுக் காட்டினார். "பொறி பிளக்குக்குப் போகல, இந்த வழியா உள்ளேயே எறங்கிருச்சு. எபாக்ஸி ஊத்தும்போது காத்துக் குமிழி நின்னுருக்கு பாரு." உண்மையாகவே அந்தக் கோடு ஒரு குமிழியில் இருந்துதான் கிளம்பியிருந்தது. கடைசியாக அவர் கேட்டது: "இதைவிடப் பெரிய கோர், வெளியில பிளேடு வெச்சுச் சூடு எறங்குற மாதிரி ஏதும் இல்லீங்களா?" மகளிடமும் "ங்க" போட்டுப் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

இருந்தது. ஏசி டெல்கோ டி585. ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் வண்டிகளின் வி8 எஞ்சினுக்காகச் செய்த காயில். பாரம் இழுக்கும் வண்டிக்கென்று செய்தது, கையில் எடுத்தாலே கனம் தெரியும். முதுகில் அலுமினியப் பிளேடுகள், சூடு இறங்குவதற்கு. ரோட்டரி வைத்திருப்பவர்கள் பல வருஷமாக இதைத்தான் தேடிப் போட்டுக்கொள்கிறார்கள். பிராக்கெட், ஒயரிங் அடாப்டர், பிளக் ஒயர் எல்லாம் சேர்த்து கிட்டாக அமெரிக்காவிலிருந்து வரவழைத்தேன், சுங்கத்தோடு 420 பவுண்டு ஆனது.

மாட்டுவது கஷ்டமில்லை, கவனம்தான் வேண்டும். பழைய காயிலுக்கு ஒயர் செருகும் பின் மூன்று, டி585க்கு நான்கு. கூடுதலாக வருவது இன்னொரு எர்த். அடாப்டர் அதைப் பார்த்துக்கொள்ளும், ஆனால் அந்த எர்த் ஒயரை எஞ்சினில் எங்கே இறுக்குகிறீர்களோ அந்த இடத்தைப் பெயிண்ட் போகச் சுரண்டி, பளபளவென்று உலோகம் தெரிய வைத்துவிட்டு இறுக்குங்கள். முதல் நாள் நான் அப்படியே இறுக்கியதில் ஐடிலிங் ஆடியது. சுரண்டி மாட்டியதும் நின்றது. பிளக் ஒயர் நான்கையும் கழற்றும் முன்பே சின்னத் துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். லீடிங்கும் டிரெய்லிங்கும் அடிக்கும் நேரம் வேறு வேறு. மாற்றிச் செருகினால் வண்டி கிளம்பினாலும் கிளம்பும், அதுதான் ஆபத்து. வண்டியின் கம்ப்யூட்டரில் எதையும் தொடவில்லை. டியூனிங் செய்து சார்ஜ் ஆகும் நேரத்தைக் கூட்டினால் இந்தக் காயிலிடம் இன்னும் வாங்கலாம், ஆனால் டர்போ இல்லாத என் வண்டிக்கு அது தேவைப்படவில்லை.

பிளக் விஷயத்தில் எந்தப் பரிசோதனையும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. லீடிங்குக்கு என்ஜிகே ஆர்இ7சி-எல், டிரெய்லிங்குக்கு ஆர்இ9பி-டி. என்ஜிகேயில் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ந்தது என்று அர்த்தம், அதாவது சூட்டை வேகமாக எஞ்சின் கூட்டுக்குக் கடத்தும். பந்தயப் பாதையில் ஓட்டுபவர்கள் லீடிங்கிலும் 9 போடுகிறார்கள். என்னைப் போல ஆறு மைல் தூரம் வேலைக்குப் போகிறவர்கள் அப்படிப் போட்டால் பிளக் சூடேறாமல் கரிபிடிக்கும். ரோட்டர் முனையில் இருக்கும் சீல் ஒவ்வொரு சுற்றிலும் பிளக் துளையைத் துடைத்துக்கொண்டு போவதால் பிளக் முனை உள்ளே நீட்டவே கூடாது. வேறு வண்டியின் பிளக் எதையும் இதில் யோசிக்கவே வேண்டாம். இடைவெளியைத் தட்டிச் சரிசெய்யவும் கூடாது, நுனியில் இருப்பது மெல்லிய இரிடியம். போலிப் பிளக்குகள் சந்தையில் நிறைய சுற்றுகின்றன. நான் உதிரிப்பாகக் கவுண்டரில் நேரில் போய், டப்பாவைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பிளக்கை மேலிருந்து எடுக்க முடியாது. முன் இடது சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போட்டு, சக்கர வளைவு வழியாக நீள எக்ஸ்டென்ஷனை நுழைக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும். விரலாலேயே முதல் சில சுற்றுகளைத் திருகுங்கள். பிறகு டார்க் ரெஞ்சில் 13 முதல் 18 நியூட்டன் மீட்டருக்குள். ரோட்டர் கூடு அலுமினியம், மரை போனால் எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும்.

சரி, பலன் என்ன? அதே ரோலிங் ரோடில் மறுபடி ஏற்றினேன். மலிவு செட் புதிதாக இருந்தபோது எடுத்த கோடும் இந்தக் கோடும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. காயில் மாற்றினால் பத்துப் பதினைந்து குதிரைத்திறன் கூடும் என்று யாராவது சொன்னால், அவர்கள் செத்த காயிலோடு ஒப்பிட்டிருப்பார்கள். வித்தியாசம் வேறு இடத்தில் தெரிந்தது. உறைபனிக் காலையில் முன்பு நான்கு ஐந்து நொடி இழுத்துக் கிளம்பிய வண்டி, இப்போது ஒன்றரை நொடியில் கிளம்புகிறது. ரோட்டரியில் இது சொகுசு இல்லை. கிளம்பாமல் பெட்ரோல் உள்ளே நிரம்பிவிட்டால் அன்றைய நாள் போச்சு. கேலனுக்கு 16 மைலாக இறங்கியிருந்தது 20க்கு வந்துவிட்டது. இரண்டாம் கியரில் மோட்டார்வேயில் ஏறும்போது, எச்சரிக்கை பீப் வரும் வரைக்கும் எங்கேயும் தொய்வே இல்லாமல் ஒரே இழுப்பு. இந்த வண்டியை எதற்காக வாங்கினேனோ அந்தச் சத்தம் திரும்ப வந்துவிட்டது. முதல் தடவை கேட்டபோது கண் கலங்கியது உண்மை.

குறையும் உண்டு. காயில்கள் பெரிது. என் வண்டியில் மேல் பிளாஸ்டிக் கவரை மறுபடி உட்கார வைக்க முடியவில்லை, கழற்றி வீட்டில் வைத்திருக்கிறேன். வந்த பிராக்கெட்டின் ஒரு ஓரம் கூர்மையாக இருந்தது, அரம் போட்டுத் தேய்க்காவிட்டால் ஒயரை அறுத்திருக்கும். அப்புறம், இங்கே இதுவும் ஒரு மாற்றம்தான் என்பதால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னேன், பிரீமியம் கூடவில்லை. வண்டியை ஒரு வருஷத்தில் விற்கப் போகிறவர்களுக்கு இது வேண்டாம், நல்ல ஒரிஜினல் காயில் செட்டும் பிளக்கும் போதும். வைத்து ஓட்டப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பிளக்கைக் கழற்றி மறுபடி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து அப்பாவுக்குக் காட்டினேன். நான்கும் ஒரே பழுப்பு. திரையில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். "அந்தக் கடைசி பிளக்கை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துல திருப்பு" என்றார். திருப்பினேன்.

"நல்லாருக்குது. பூட்டிரு."