சகுரா வாரத்தில் சைக்கிள்: மூன்று பாதைகள், ஒரே ஒரு வார இறுதி

மார்ச் பாதி தாண்டியதும் டோக்கியோவில் எங்கள் ஐந்து பேருக்குள் பேச்சு ஒன்றுதான்: இந்த வருஷம் சைக்கிளை எங்கே ஓட்டுவது? கடந்த மூன்று வருஷமும் சகுரா, அதாவது செர்ரிப் பூ பூக்கும் சமயத்தில் ஒரு சனி, ஞாயிறை ஒதுக்கி மூன்று பாதைகளில் ஓட்டியிருக்கிறோம். ஒன்று, ஹிரோஷிமா மாநிலத்து ஒனோமிச்சியில் தொடங்கி எஹிமே மாநிலத்து இமாபாரியில் முடியும் ஷிமானாமி கைடோ. இன்னொன்று, கியோட்டோவை அடுத்த ஷிகாவில் பிவா ஏரி. மூன்றாவது, டோக்கியோவுக்கு வடகிழக்கே இபாராகியில் உள்ள சுகுபா-கசுமிகவுரா ரிங்ரிங் சாலை. ஜப்பான் அரசு 2019-ல் முதன்முதலாகத் தேசிய சைக்கிள் பாதைகளாக அறிவித்தது இந்த மூன்றையும்தான். வழிகாட்டிக் கோடு, பலகை, வாடகை சைக்கிள் எல்லாம் மூன்றிலும் உண்டு. எனவே வசதியை வைத்து ஒன்றைக் கழிக்க முடியாது. பூவையும் கூட வருகிறவர்களையும் வைத்துத்தான் கழிக்க வேண்டும்.

முதலில் பூ. பூங்காவிலும் ஆற்றங்கரையிலும் நாம் பார்க்கும் சகுராவில் பெரும்பாலானது சொமெய் யோஷினோ என்ற ஒரே ரகம். அதை விதை போட்டு வளர்ப்பதில்லை, ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள். மரத்துக்கு மரம் ஒரே மரபு என்பதால் ஓர் ஊரில் எல்லாம் சேர்ந்து பூத்துச் சேர்ந்தே உதிர்ந்துவிடும். முதல் பூ விட்டதிலிருந்து முழுசாகப் பூக்க ஒரு வாரம் ஆகும். அப்புறம் ஒரு வாரம் தாங்கினால் பெரிது. நடுவில் மழையும் காற்றும் சேர்ந்து வந்துவிட்டால் அதுவும் இல்லை. டோக்கியோவில் சராசரியாக மார்ச் 24-ல் முதல் பூ, 31-ல் முழுப் பூ. அந்தச் சராசரியை நம்பி முதல் வருஷம் ஜனவரியிலேயே ஷிமானாமிக்கு ரூம் போட்டோம். போய் இறங்கியபோது கிளையெல்லாம் சிவந்த மொட்டு. பூ கண்ணிலேயே படவில்லை.

ஆனாலும் அந்தப் பயணம் வீணாகவில்லை. சைக்கிள் ஓட்டுவதற்கென்றே போனால் ஷிமானாமிக்கு ஈடு கிடையாது. ஏறத்தாழ 70 கி.மீ., ஆறு தீவுகள். ஒனோமிச்சியில் சைக்கிளோடு சின்னப் படகில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் முகாய்ஷிமா. அதன் பிறகு பாலம், தீவு, மறுபடி பாலம். இகுச்சி தீவையும் ஓமி தீவையும் இணைக்கும் தாதாரா பாலம் 1,480 மீட்டர். கடைசியில் வரும் குருஷிமா பாலம் மூன்று தொங்குபாலங்கள் சேர்ந்து ஏறக்குறைய 4 கி.மீ. கீழே கடல் ஆறு மாதிரிச் சுழித்துக்கொண்டு ஓடுவது மேலிருந்து தெரியும். பாலத்துக்கு ஏறும் பாதையைச் சைக்கிளுக்காகவே வளைத்து வளைத்துச் சரிவு தெரியாமல் போட்டிருக்கிறார்கள். மூச்சு வாங்கும், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. வழியில் இகுச்சி தீவின் செதோதாவில் எலுமிச்சைத் தோட்டங்கள். வாடகை சைக்கிளை வேறொரு நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்பதால் களைத்தவர் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம்.

பூவுக்காகப் போகிறோம் என்றால் கதை வேறு. அங்கே சகுரா கூட்டமாகப் பூப்பது மேட்டில். ஒனோமிச்சி ஊருக்கு மேலே செங்கோஜி பூங்கா, ஹகாதா தீவில் ஹிராகியாமா பூங்கா. ஹிராகியாமாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் 40 கி.மீ.க்கு மேல் மிதித்திருப்போம். அந்தக் காலோடு ஒரு குன்றும் ஏறு என்றால் புதிதாக ஓட்டுகிறவர் ஏற மாட்டார். அவரைக் கீழே தனியாக உட்காரவைத்துவிட்டு நாம் மேலே போய்ப் பார்க்கும் பூ எனக்கு ருசிக்காது. போதாததற்கு டோக்கியோவிலிருந்து புகுயாமா வரை ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் மூன்றரை மணி நேரம், பிறகு லோக்கல் ரயில். ஒசாகாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும்.

பூ என்று வந்துவிட்டால் பிவாவின் வட கரையை எதுவும் தொட முடியாது. கைஸு ஓசாகி என்ற இடத்தில் மலை நேராக ஏரிக்குள் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு சாலை. அதில் 4 கி.மீ. தூரத்துக்கு ஏறத்தாழ 800 மரங்கள். 1931-ல் ஒரு சாலைப் பராமரிப்புத் தொழிலாளி தானே வளர்த்த கன்றுகளை நட்டதில் தொடங்கியது இந்த வரிசை. கிளைகள் வெளிச்சத்தைத் தேடித் தண்ணீர் பக்கமாகத் தாழ்ந்து, சில இடங்களில் அலையைத் தொடுகின்றன. நாங்கள் போனது உதிரத் தொடங்கிய நாள். கரையோரக் கற்களுக்கிடையே இதழ்கள் பாய் விரித்த மாதிரி மிதந்தன. அலை வரும்போது அந்தப் பாய் மடிப்பு மடிப்பாக எழும், கிழியாது. இதை ஹனாஇகடா, அதாவது பூத்தெப்பம் என்கிறார்கள். ஐந்து பேரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரை மணி நேரம் பேசாமல் நின்றோம்.

இங்கே இன்னொரு லாபம்: குளிர் அதிகம் என்பதால் பூ தாமதம். டோக்கியோவில் எல்லாம் உதிர்ந்த பிறகு, ஏப்ரல் 10-ஐ ஒட்டித்தான் இங்கே களைகட்டும்.

சிக்கல் ஏரியின் அளவில் இருக்கிறது. ஒரு முழுச் சுற்று சுமார் 200 கி.மீ. தெற்குப் பகுதியை விட்டு, பிவா பாலத்தில் குறுக்கே கடந்தாலும் 150. இரண்டு நாளில் முடிக்கலாம் என்று கணக்கில் வரும். ஆனால் முதல் நாள் 80-ஐத் தாண்டியதும் எங்களில் ஒருவன், “டேய், இன்னும் எத்தனை கிலோமீட்டர்டா?” என்று கேட்ட குரலில் கோபம் இருந்தது. சுற்றி முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிட்டால் பூவுக்கு முன்னால் நிற்க நேரம் இருக்காது. பூக்காலத்து வார இறுதியில் அந்த ஒடுங்கிய சாலை முழுக்கக் கார் நெரிசல் வேறு. போவதானால் ஏரிக்கரை ஊரான நாகஹாமாவில் ரயிலிறங்கி, கைஸு ஓசாகி வழியாக மாகினோ வரை மட்டும் ஓட்டுங்கள். ஷிஸுகடாகே பக்கம் ஓர் ஏற்றம் உண்டு. மற்றபடி பெரும்பாலும் மட்டம்தான். ஜப்பானில் சைக்கிளுக்கும் இடப்பக்கம் என்பதால் இந்தத் திசையில் ஓட்டினால் ஏரி நம் கைக்கெட்டும் பக்கத்திலேயே வரும்.

இருந்தும், இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ரிங்ரிங் சாலையைத்தான். காரணம் அது ஒரு ரயில் பாதை. சுச்சியுராவிலிருந்து இவாசே வரை ஓடிய சுகுபா ரயில் 1987-ல் நின்றுபோனது. தண்டவாளத்தை எடுத்த இடம்தான் இன்று 40 கி.மீ. சைக்கிள் பாதை. ரயில் ஏறிய பாதையில் செங்குத்தான ஏற்றம் இருக்காதே! பெரும்பகுதியில் காரும் கிடையாது. ஊர்ச் சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் நின்று பார்த்துப் போனால் போதும். பத்து வருஷமாகச் சைக்கிளைத் தொடாதவனும் தினமும் ஓட்டுகிறவனும் இங்கே ஒரே வேகத்தில் போக முடிந்தது. நண்பர்களோடு போகிற பயணத்துக்கு வேறென்ன வேண்டும்?

பழைய ஸ்டேஷன்களின் பிளாட்பாரங்களை இடிக்காமல் ஓய்விடமாக விட்டிருக்கிறார்கள். அமாபிகி ஸ்டேஷனில் பிளாட்பாரத்தை ஒட்டியே சகுரா. ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் போல விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, தண்டவாளம் இருந்த பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைப் பிரித்தோம். எதிரே வயலுக்கு அப்பால் இரட்டைக் கொம்பாக 877 மீட்டர் சுகுபா மலை. டப்பாவில் விழுந்த இதழை எடுத்துப் போடக்கூட யாருக்கும் மனசு வரவில்லை.

டோக்கியோவின் யுவெனோ ஸ்டேஷனிலிருந்து சுச்சியுராவுக்கு லோக்கல் ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷன் கட்டடத்திலேயே சைக்கிள் கடையும், சைக்கிளை அறைக்குள் கொண்டுபோகவிடும் ஹோட்டலும் உண்டு. மறுநாள் கசுமிகவுரா ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பலாம். கரையோரம் தாமரைக்கிழங்கு வயல்கள். அந்த ஊர்க் கிழங்குக்கு நாடெங்கும் பெயர். ஏரியில் எதிர்காற்று வந்தால் மட்டும் ஆளை உலுக்கிவிடும், எனவே முதல் நாளை ரயில் பாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஷிமானாமியின் கடலும் கைஸு ஓசாகியின் தண்ணீரும் இங்கே கிடைக்காது. அதை மறைக்க மாட்டேன்.

எங்கே போனாலும் இரண்டு விஷயம். சொந்தச் சைக்கிளை ரயிலில் ஏற்ற வேண்டுமானால், பொதுவாகச் சக்கரம் கழற்றி ரின்கோ என்ற சைக்கிள் உறைக்குள் முழுவதும் மூடித்தான் ஏற்ற வேண்டும். வீட்டில் ஒருமுறையாவது பழகிப் பாருங்கள். அப்புறம், பூவுக்கடியில் பீர் குடிப்பது இங்கே வழக்கம்தான், ஆனால் 2024 நவம்பரிலிருந்து மூச்சில் குறிப்பிட்ட அளவு மது இருக்கும்போது சைக்கிள் ஓட்டினாலே 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். ஓட்டி முடித்த பிறகு குடியுங்கள்.

இந்த வருஷம் நாங்கள் இரண்டு இடத்தில் ரூம் போட்டிருக்கிறோம், இரண்டும் கடைசி நேரத்தில் ரத்து செய்யக்கூடியவை. ஏப்ரல் முதல் சனிக்கிழமை சுச்சியுரா. அன்று மழை அடித்துப் பூவைக் கொட்டிவிட்டால், அடுத்த சனிக்கிழமை மாகினோ.