ஓம் சொல்வதும் சொல்லாததும் நம் விருப்பம்: நான் போகும் யோகா வகுப்பு

கழுத்து வலிக்கு யோகா செய்து பாருங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, வலியைவிட அங்கே என்ன மந்திரம் சொல்ல வைப்பார்களோ என்ற கவலைதான் எனக்கு அதிகம். வாராவாரம் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. முதலில் சேர்ந்த வகுப்பில் (பெயர் வேண்டாம்) "இதில் மதமே கிடையாது, முழுக்க சயின்ஸ்" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, மூன்றாம் நாளே விளக்கேற்றி காயத்ரி மந்திரத்தை எல்லோரும் சத்தமாகச் சொல்லியே ஆக வேண்டும் என்றார்கள். அந்த மந்திரத்தின் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. முதல் நாளே சொல்லியிருந்தால் யோசித்து முடிவு செய்திருப்பேன். நின்றுவிட்டேன்.

இப்போது ஆறு மாதமாகக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டீச்சர் தன் வீட்டு மாடியில் நடத்தும் வகுப்புக்குப் போகிறேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "யோகா நம் ஊர் ஆன்மிகத்திலிருந்து வந்ததும்மா, இல்லை என்று சொன்னால் பொய். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொல்லும் ஐந்து நியமங்களில், அதாவது நாம் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்களில், கடைசி, ஈஸ்வரனிடம் ஒப்படைப்பது. ஆனால் இங்கே நீங்கள் எதைச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் விருப்பம்" என்றார். தொடக்கத்தில் மூன்று முறை ஓம் சொல்வார்கள், நான் கண்ணை மூடி மனதுக்குள் ஜெபம் செய்துகொள்வேன், இதுவரை யாரும் ஒரு மாதிரி பார்த்ததில்லை. பதஞ்சலியின் அந்த நூலில் உள்ள 195 சூத்திரங்களில் (196 என்று எண்ணுவோரும் உண்டு) ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றுதான் என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

கூட வரும் முஸ்லிம் அக்கா ஒருவர் சூரிய நமஸ்காரம் செய்ய மாட்டேன் என்றார். டீச்சர் வாதாடவே இல்லை. முதுகுக்கு வேண்டியதை புஜங்காசனம், பாத ஹஸ்தாசனம் என்று தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். 2015இல் முதல் சர்வதேச யோகா தினம் வந்தபோது மத்திய அரசே எதிர்ப்புக்குப் பிறகு சூரிய நமஸ்காரத்தைப் பொதுப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? கலிபோர்னியாவின் என்சினிடாஸில் பள்ளி யோகா மதப் பிரச்சாரம் என்று பெற்றோர் கோர்ட்டுக்கே போனார்கள். பள்ளி சமஸ்கிருதப் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டிருந்தது, 2013இல் தீர்ப்பும் பள்ளிக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் பெயரைத் துடைத்துவிட்டுச் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பத்மாசனம் பத்மாசனமாகவே இருக்கட்டும், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுக் கற்றுக்கொடுங்கள், போதும்.

மற்றபடி, மாதம் 1,200 ரூபாய், காலை ஆறு மணி, ஞாயிறு லீவு (எனக்கு ரொம்ப வசதி). ஒரு பேட்ச்சில் பன்னிரண்டு பேர் என்பதால் தப்பாகக் குனிந்தால் உடனே வந்து திருத்துகிறார். வண்டி நிறுத்த இடம் கிடையாது, தெருமுனையில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். மேட் நாமே கொண்டுபோக வேண்டும். இப்போது ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்க்கிறேன்.