ஃபோர்டு ஐகான் 1.6: நீண்ட கால அனுபவம்

பழைய ஐகான் வாங்கப் போகிறவர்கள் காரைச் சுற்றி வந்து பெயின்டைத் தடவிப் பார்க்கிறார்கள். பானட்டைத் திறந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் இருக்கும் தொட்டியைப் பாருங்கள் என்பேன் நான். இந்தக் காரைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன்; கையில் காசு சேரச் சேரப் பகுதி பகுதியாகப் புதுப்பித்திருக்கிறேன். இதற்குச் செய்யும் செலவில் பெரும்பங்கு வெளியே தெரியாத இடங்களுக்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1999-இல் மறைமலை நகர் ஆலையிலிருந்து வெளிவந்த கார் இது. ஐரோப்பிய ஃபியஸ்டாவை அடிப்படையாக வைத்து, பின்னால் டிக்கி சேர்த்து, இந்தியாவை மனத்தில் கொண்டு உருவாக்கினார்கள். 1.3, 1.6 பெட்ரோல், 1.8 டீசல் என வந்தவற்றில் ஆர்வலர்கள் தேடி அலைவது ரோகாம் என்ற ஃபோர்டின் 1.6 பெட்ரோல் எஞ்சினைத்தான். எட்டே வால்வு, சுமார் 92 குதிரைத்திறன். இன்றைக்கு இது பெரிய எண் இல்லை. ஆனால் 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. மூன்றாவது கியரில் மிதித்தால் போதும், முன்னால் போகும் லாரியைத் தாண்டிவிடலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பாருங்கள்: ஹைட்ராலிக் ஸ்டியரிங் வழியாகச் சாலையின் ஒவ்வொரு நெளிவும் உள்ளங்கைக்கு வந்து சேரும். இன்றைய மின்சார ஸ்டியரிங்குகள் பலவற்றில் இந்த உணர்வு எனக்குக் கிடைப்பதே இல்லை.

அந்த உணர்வு தங்கியிருப்பது ரப்பரில். சஸ்பென்ஷனிலும் எஞ்சினைத் தாங்கும் இடங்களிலும் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் பாகங்களான லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், எஞ்சின் மவுண்ட் எல்லாம் இருபது வயதில் கெட்டித்துப் போயிருக்கும், இல்லையேல் வெடித்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் பலன் தெரியாது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகுதான் கார் பழைய மிடுக்குக்குத் திரும்பும். மலிவான போலி புஷ்கள் வேண்டவே வேண்டாம். ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரிதேன் புஷ்களை எல்லாரும் புகழ்கிறார்கள். நம் ஊர்ச் சாலைகளின் அதிர்வை அவை அப்படியே உள்ளே கடத்திவிடும். நான் ரப்பரிலேயே நிற்கிறேன்.

அடுத்தது குளிர்விப்பு. ரோகாம் எஞ்சின் ஓடிய தென்னாப்பிரிக்கா, பிரேசில் எங்கும் வண்டிக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி, கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் பிளாஸ்டிக் கூடு, அதாவது ஹவுசிங். பல்லாண்டுகள் சூடேறி ஆறி அது மயிரிழையாக விரிசல் விடும். கூலண்ட் சொட்டுச் சொட்டாகக் குறையும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதற்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும். அப்புறம் ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் சமன்படுத்தி, மறுபடி பூட்ட வேண்டும். கசிவு இல்லாவிட்டாலும் ஹவுசிங்கையும் ஹோஸ்களையும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெட்டுக்குக் கீழே உள்ள பிளாக் இரும்பு, உள்ளே துருப்பிடிக்கும். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்துவிடுமோ என்ற கவலை மட்டும் இல்லை, இதில் இருப்பது செயின்.

உதிரிபாகம்தான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி. 2021-இல் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் போன்றவை சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைத்துவிடுகின்றன. விளக்கு, கதவுக் கைப்பிடி, டேஷ்போர்டுத் துண்டுகளுக்குப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏற வேண்டும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். எனக்கு அந்த அலைச்சல் பிடிக்கும். தேடிய கிளிப் ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைய நாளே நிறைந்துவிடும்.

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் புதிய கவலை. இதற்காக வடிவமைக்கப்படாத பழைய கார்களின் ரப்பர் பாகங்களும் கேஸ்கட்டுகளும் சீக்கிரமே மாற்ற வேண்டிவரலாம். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் வாரம் ஒருமுறையாவது ஓட்டுகிறேன், எரிபொருள் ஹோஸ்களைத் தொட்டுப் பார்க்கிறேன். பதினைந்து ஆண்டுகள் கடந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஆர்.சி.யை (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். அது ஐந்தாண்டுக்குச் செல்லும். இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025-இல் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். அக்கறையோடு பராமரிக்கிறவர்களுக்கு இது அநியாயமான சுமை.

பின்சீட்டில் கால் நீட்ட இடம் குறைவு. நகர நெரிசலில் மைலேஜும் மனத்தைத் தேற்றாது. குடும்பத்துக்கு ஒரே கார் என்றால் இதை வாங்காதீர்கள்.

வாங்குவதென்றால் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே போய்ப் பாருங்கள். முன்பே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் வெண்ணெய் போன்ற படிவு இருந்து, கூலண்ட் தொட்டியிலும் எண்ணெய்ப் பசை மிதந்தால், ஹெட் கேஸ்கட் போய் இரண்டும் கலந்திருக்கலாம்; விலை எவ்வளவு இறங்கினாலும் வேறு காரைத் தேடுங்கள்.